வளர்ற பிள்ளைக்கு எந்த அளவு ஸ்கேட்போர்டு?

கேள்வி: எங்களுக்குச் சேலம், ஃபேர்லேண்ட்ஸ். ஆறாவது படிக்கும் மகள் ஸ்கேட்போர்டு கேட்கிறாள். அவள் பாதம் 21.5 செ.மீ. பெங்களூரில் இருக்கும் என் தம்பி, "8.25 இன்ச் வாங்குக்கா, வளர்ற பிள்ளை, காலேஜ் வரைக்கும் ஓடும்" என்கிறான். கடைக்காரரோ 7.5 போதும் என்கிறார். லீவு விட்டால் ஏற்காட்டில் அப்பாவின் காபித் தோட்டத்துக்குப் போவோம். அங்கேயும் ஓட்டுவாளாம். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொன்னதையே வாங்குங்கள். உங்கள் தம்பி சொல்வது ஸ்கூல் யூனிஃபார்ம் கணக்கு. சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துக் கையை மடித்துவிடலாம். பலகையை மடிக்க முடியாதே!

7.5, 8.25 என்பதெல்லாம் பலகையின் அகலம். நீளத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். விரல் பக்கம் அழுத்தினால் ஒரு புறம், குதிகால் பக்கம் அழுத்தினால் மறுபுறம் என்று இந்தப் பலகை திரும்பும். அந்த அழுத்தம் விளிம்பில் விழ வேண்டும். 7.5 இன்ச் என்றால் 19 செ.மீ. உங்கள் மகள் பாதத்தைக் கொஞ்சம் சாய்வாக வைத்தாலே விரலும் குதிகாலும் இரண்டு விளிம்புக்கும் போய்விடும். 8.25 கிட்டத்தட்ட 21 செ.மீ. அதே மாதிரி வைத்தால் பாதம் நடுவிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் காலை நகர்த்த வேண்டும். கற்றுக்கொள்கிற பிள்ளை அங்கேதான் விழும். எடையும் கூடுதல்.

அப்புறம், எந்தப் பலகையும் காலேஜ் வரைக்கும் வராது. ஏழு அடுக்கு மேப்பிள் மரம்தான். தரையில் உரசி உரசி வால் பகுதி பிளேடு மாதிரி மெலிந்துவிடும், இல்லையென்றால் உடையும். நெடுநாள் உழைப்பது அடியில் இருக்கும் ட்ரக், அதாவது சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் அச்சுப் பாகம். காசை அதில் போடுங்கள். அச்சின் அகலமும் பலகையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் கூடாது. 7.6 இன்ச் அச்சு கிடைத்தால் இப்போது 7.5 பலகைக்குப் பொருந்தும்; கால் வளர்ந்ததும் பலகையை மட்டும் 7.75-க்கு மாற்றிக்கொள்ளலாம். தம்பியின் கணக்கு பலிப்பது இந்த இடத்தில்தான்.

எங்கள் அண்ணன் மகனுக்குப் பொம்மைப் படம் போட்ட போர்டு ஒன்றை, விலை குறைவு என்று நானே வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் ட்ரக். ஒரு வாரத்தில் சக்கரம் சுற்றவே இல்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

உங்கள் தெருவுக்கு, பலகையைவிடச் சக்கரம் முக்கியம். 52 மி.மீ. விட்டம், 99ஏ கடினச் சக்கரம் வழவழப்பான ஸ்கேட் பார்க்குக்குச் சரி ('ஏ' போட்ட எண் கூடக் கூடக் கடினமும் கூடும்). நம் தெருவில் ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் பலகை நின்றுவிடும், பிள்ளை நிற்காது. 54 முதல் 56 மி.மீ., 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான சக்கரம் கேளுங்கள். சக்கரம் பெரிதானால் திரும்பும்போது பலகையில் உரசும். ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே எட்டில் ஒரு இன்ச் கனத்தில் ரைசர் பேடு என்ற இடைத்தட்டு வைத்துத் தரச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் அதே பில்லில் வரட்டும்.

ஏற்காடு மலைச்சாலையில் மட்டும் பலகையை இறக்கவே விடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ், பலகைக்கோ பிரேக் கிடையாது. அதற்கு அப்பாவின் காபிக் களம் இருக்கிறதே! சிமென்ட் தரை என்றால், பழம் காய வைத்து முடித்த பிறகு மே மாதம் முழுக்க அது சும்மாதான் கிடக்கும். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மகள் கையிலேயே துடைப்பத்தைக் கொடுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை கூட்டட்டும்.