வாசகர் கேள்வி பதில்: திரையும் தாள் வரைபடமும்

கேள்வி: எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குக் கூகுள் எர்த் காட்டியே புவியியல் நடத்துகிறேன். மாணவர்கள் ஆவலோடு பார்க்கிறார்கள். ஆனால் நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் தாள் வரைபடமான தலப்படத்தைக் கையில் கொடுத்தால், சம உயரக் கோடு எதைக் காட்டுகிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தாள் வரைபடத்தை இனியும் வற்புறுத்த வேண்டுமா?
– ஆசிரியை ஒருவர், சென்னிமலை

பதில்: கட்டாயம் வற்புறுத்துங்கள். திரையில் விரலை விரித்தால் ஊரும் வீடும் தாமாகவே வந்து நிற்பதால், அளவையையும் திசையையும் கொண்டு ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மாணவருக்கு இல்லாமலே போய்விடுகிறது.

உங்கள் பக்கத்திலேயே அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரும் கீழ்பவானி வாய்க்கால் ஏன் இத்தனை வளைவுகள் எடுக்கிறது என்று கேளுங்கள். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். 1:50,000 அளவைத் தலப்படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். அதில் வாய்க்காலின் மீது ஒரு நூலை வளைத்து வைத்து, பக்கத்திலுள்ள பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளோடு, ஒப்பிடச் சொல்லுங்கள். மேட்டை ஏறிக் கடக்க முடியாத தண்ணீர், அந்தக் கோடுகளை ஒட்டியே சுற்றிச் சுற்றி, மெல்லச் சரிந்து போவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அதன் பிறகு திரைக்கு வாருங்கள். வழக்கமாக ஆகஸ்டில் தண்ணீர் திறந்து சில மாதங்கள் கழித்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில், வாய்க்காலின் தாழ்ந்த பக்கம் பாசனத்தால் தொடர்ந்து பச்சையாகவும், உயர்ந்த பக்கம் கிணற்றையும் மழையையும் நம்பி ஆங்காங்கே மட்டும் பச்சையாகவும் தெரியும். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் கோடைக்காலப் படம் கிடைத்தால் அதையும் அருகே வைத்துக் காட்டுங்கள். தாளில் தெரியாத இந்தப் பருவ மாற்றத்தைக் காட்டுவதற்குத் திரை மிகவும் பயன்படும்.

முடிந்தால் ஒரு நாள் வாய்க்கால் கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். கிளுவைச் செடி வேலியையும், இருபுறமும் வேலி சூழ்ந்த பாதையான இட்டேரியையும் நடந்து அறிந்த பிள்ளைகள் அவற்றைப் படத்தில் கண்டதும் அடையாளம் சொல்வார்கள். நம் பாடநூலில் இவற்றுக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் பள்ளியில் என்ன செய்வது?
– ஓர் ஆசிரியர், தாராபுரம்

பதில்: இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் உங்கள் பகுதித் தலப்படத்தைப் பதிவிறக்கி, பெரிய தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படங்களை முந்தைய நாளே கணினியில் சேமித்துவிட்டால், பாடவேளையில் இணையத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.