வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்: எக்கோ நோர்மல், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது

கேள்வி: என் மகனுக்கு நாலு வயதில் இரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்று சொன்னார்கள். மகரகமவில் மருந்து ஏற்றி ஏழு வயதில் எல்லாம் முடிந்தது. இப்போது 14 வயது. போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குப் போனபோது, கோட்டை வாசல் தாண்டி ஏறுகிற பாதையில் பாதியிலேயே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தங்கச்சி மான்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள், இவனுக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எக்கோ (இதய ஸ்கான்) நோர்மல். பாடசாலை மரதனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், நான் மறித்து வைத்திருக்கிறேன். நான் செய்வது சரியா? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, இந்த மரதனை இப்போதைக்கு மறித்தது சரி. ஆனால் ஏழு வயதில் இருந்தே பி.ரி. பாடத்துக்கும் விடாமல் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்றால் அது சரியில்லை, அந்த இளைப்பில் ஒரு பங்கு அதனாலேயே வந்திருக்கலாம்.

அவனுக்கு ஏற்றிய மருந்துகளில் சிவப்பு நிறத்தில் ஒன்று இருந்ததா, ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போனதா என்று யோசித்துப் பாருங்கள். டோனோரூபிசின், டொக்சோரூபிசின் என்ற மருந்துகள் அப்படித்தான் இருக்கும். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துகள்தான், ஆனால் இதயத் தசையின் கலங்களையும் கொஞ்சம் அழித்துவிடும், அழிந்த கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. சின்ன உடம்புக்கு மிச்சக் கலங்கள் போதும். 13, 14 வயதில் பிள்ளை திடீரென்று நெடுநெடுவென வளரும்போதுதான் அதே இதயம் பெரிய உடம்புக்கு இரத்தம் தள்ளவேண்டி வருகிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் கவனிக்கச் சொல்கிறோம். மொத்தமாக ஏறிய அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் 2 வருடத்துக்கு ஒருமுறை எக்கோ வேண்டும், 100க்கும் 250க்கும் இடையில் என்றால் 5 வருடத்துக்கு ஒருமுறை. நெஞ்சுக்குக் கதிர் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். அந்த எண் உங்கள் கையில் இருக்கிறதா? டயக்னோசிஸ் காட்டில் மருந்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால், சிகிச்சை செய்த இடத்தில் மொத்த அளவை எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்கவேண்டாம்.

சரி, எக்கோ நோர்மல் என்றால் பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? எக்கோவை எப்படி எடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள், இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் பூசி, அமைதியாக இருக்கும்போது. படுத்திருக்கிற இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும், ஏற்றம் ஏறுகிற இதயத்தைக் காட்டாது. அதுவும் இரண்டு வருடம் பழையது. புதிதாக ஒன்று எடுக்கும்போது, இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் ‘ஸ்ட்ரெயின்’ அளவும் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள், தசையின் தளர்ச்சி சில வேளை அதில் முதலில் தெரியும்.

உண்மையில் இவனுக்குப் பொருத்தமான பரிசோதனை வேறு, கார்டியோபல்மனரி எக்ஸர்சைஸ் டெஸ்ட் (CPET) என்று பெயர். முகத்தில் மாஸ்க் போட்டு, சைக்கிளிலோ ட்ரெட்மில்லிலோ ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டி, 8 முதல் 12 நிமிடத்துக்குள் அவனால் முடிந்த உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறான், எவ்வளவு கரியமிலவாயு விடுகிறான் என்று மூச்சுக்கு மூச்சு அளப்பார்கள். இதயம் தடுக்கிறதா, நுரையீரல் தடுக்கிறதா, இரண்டிலும் சக்தி மிச்சம் இருக்க கால்தான் முதலில் ஓய்கிறதா என்று இதில் பிரித்துப் பார்க்கலாம். ஈ.சி.ஜி. வயர் மட்டும் ஒட்டி ஓடவைப்பது இது இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கே செய்யலாம் என்று கிளினிக்கில் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். அதற்குள் 6 நிமிட நடைப் பரிசோதனையாவது செய்யலாம், 30 மீற்றர் நடைவழியும் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் போதும். ஆனால் ஓரளவு தெம்பான பிள்ளை அதில் சுலபமாகத் தேறிவிடுவான், அதை மட்டும் வைத்து நிம்மதி அடையவேண்டாம்.

இன்னொன்று, வீட்டிலேயே அவனைக் குதிகாலில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பாதம் தூக்க வராமல் தரையில் தட்டினால் டொக்டரிடம் சொல்லுங்கள், வின்கிறிஸ்டின் என்ற மருந்து கால் நரம்பைப் பலவீனமாக்கும். இரத்தச்சோகை, ஆஸ்துமா இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

டொக்டரைப் பார்க்கும்வரை சமதரையில், கடற்கரையோரம், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் நடக்கட்டும். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், கால் வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரிசோதனை நன்றாக இருந்தால், விளையாட்டு ஆசிரியருக்குக் காட்ட டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, அடுத்த வருட மரதனுக்கு விடுங்கள்.

கேள்வி: 13 வயதில் ஹொட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினார்கள், அதில் பிளியோமைசினும் உண்டு. இப்போது 22 வயது, புறாத்தீவுக்குப் படகில் ஆட்களைக் கொண்டுபோகும் வேலை. டைவிங் படிக்கலாமா? – நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, உடனே பணம் கட்டவேண்டாம். பிளியோமைசின் நுரையீரலில் தழும்பு விட்டுப்போகக்கூடிய மருந்து. ஆழத்தில் சிலிண்டர் காற்றை மூச்செடுக்கும்போது ஒட்சிசனின் அழுத்தம் கூடும், அது இந்த மருந்து பட்ட நுரையீரலைப் பாதிக்கலாம், மேலே வரும்போது தழும்புக்குள் மாட்டிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கவும் கூடும். நுரையீரல் நிபுணரிடம் போய், ஊதிப் பார்க்கும் பரிசோதனையோடு, வாயு எவ்வளவு இரத்தத்துக்குள் கடக்கிறது என்ற பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். டொக்சோரூபிசினும் ஏறியிருந்தால் எக்கோவும் வேண்டும். வழக்கமாக மூச்சு வாங்காதவர் என்றால் நீந்துவதில், மேல்மட்டத்தில் ஸ்நோர்கல் போட்டு முருகைக்கல் பார்ப்பதில் பொதுவாகப் பயமில்லை. சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். எப்போதாவது சத்திரசிகிச்சை என்று வந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் பிளியோமைசின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள், ஒட்சிசன் கொடுக்கும் அளவை அவர் பார்த்து வைப்பார்.