தார்ப்பாயைத் தராசில் வையுங்கள்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இன்வெர்ட்டர் பேட்டரி பற்றியே இருக்கும். இந்த முறை ராணிப்பேட்டை பக்கத்து ஏரி ஒன்றில் படகு வைத்திருக்கும் சங்கத்துக்காரர்கள் மட்டும் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது போலிருக்கிறது. சிலருடையதைச் சுருக்கியிருக்கிறேன். ஒருவருடையது எட்டுப் பக்கம்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 14 ஃபைபர் படகுகள் உள்ளன. புயல் நேரத்தில் கரையேற்றி மூடி வைக்க 18-க்கு 24 அடியில் ஆறு தார்ப்பாய் வாங்கத் தீர்மானம் போட்டுவிட்டோம். கடைக்காரர் "250 ஜிஎஸ்எம் சார், அஞ்சு வருஷம் அசையாது" என்கிறார். நம்பலாமா? (சங்கச் செயலாளர்)

பதில்: நம்ப வேண்டாம். எடை போடச் சொல்லுங்கள்.

இந்தத் தார்ப்பாய் விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் நீளும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்ற கணக்கு. 18-க்கு 24 என்றால் 432 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர். 250-ஆல் பெருக்கினால் 10 கிலோ வரவேண்டும். கடையில் தராசு இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும். இந்த ஒரு பெருக்கலைக் கடையில் நின்று போட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

2020 நவம்பரில் நிவர் வருகிறது என்றதும் பஜாரில் ஒரு கடையில் இதே அளவில் பாய் வாங்கினேன். மூலையில் 250 என்று ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. 25-ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மாடியில் பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் ஐலெட் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று பிய்ந்தன. விடிந்து பார்த்தால் பாதிப் பாய் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். அடுத்த வாரம் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். 5 கிலோ 400 கிராம். அதாவது 135 ஜிஎஸ்எம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "ஈரம் காய்ஞ்சு எடை குறைஞ்சிருக்கும் சார்" என்றார். பிளாஸ்டிக்கில் என்ன ஈரம்? பில்லும் வாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

எடையோடு டேப்பும் எடுத்துப் போங்கள். விளிம்பு மடித்துத் தைப்பதற்கு முந்தைய அளவைத்தான் 18-க்கு 24 என்று எழுதுகிறார்கள். விரித்து அளந்தால் குறையும். ஐலெட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களுக்கு ஆறு பாய் தேவையே இல்லை என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. படகைக் கவிழ்த்துப் போட்டால் பாய் எதற்கு? நம் பக்கம் வருவதற்குள் புயல் பெரும்பாலும் காற்றை இழந்து மழையாகிவிடும். படகைக் கெடுப்பது அந்த மழைதான். 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் உள்ள படகைக் கரையில் நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 15 சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் படகில் 900 லிட்டர், அதாவது 900 கிலோ. இரண்டு கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் ஃபைபர் உடம்பு நடுவில் பிளக்கத்தான் செய்யும். பெடல் படகு போலக் கவிழ்க்க முடியாததென்றால் அடியிலுள்ள வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். கழற்றிய மூடியைச் சாவியோடு கட்டுங்கள், தை மாதம் தேடமாட்டீர்கள். மோட்டார், லைஃப் ஜாக்கெட், துடுப்பு இதற்கெல்லாம் இரண்டு நல்ல பாய் போதும். பாயின் மேல் பழைய மீன்வலையைப் போட்டுக் கட்டினால் காற்று அதைப் பட்டமாக விடாது. மீதி நான்கு பாயின் பணத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் வாங்குங்கள். 14 படகைக் கடைசி நேரத்தில் தூக்க எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: புயலுக்குப் பெயர் வைத்த பிறகு படகுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்கிறீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 30 லைஃப் ஜாக்கெட் வாங்கினோம். ஒன்றின் தையல் பிரிந்தது. உள்ளே மெத்தைக்கு வைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச்! பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருக்கிறது. பணம் போனது போனதுதானா? (சங்கப் பொருளாளர்)

பதில்: போகாது. உங்கள்மேல் தப்பும் இல்லை. படத்தில் பார்த்து உள்ளே இருப்பது தண்ணீரை உறிஞ்சும் ஸ்பாஞ்சா, உறிஞ்சாத ஃபோமா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. பிரிந்தது உங்கள் நல்லகாலம், தண்ணீரில் ஒருவர் மாட்டிக்கொண்டு தெரிந்திருந்தால் என்ன ஆவது?

பில்லில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் இன்றைக்கே எழுதுங்கள். ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே போடலாம்.

ஒரு எச்சரிக்கை. படகை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் சங்கம் என்றால், "இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கிளப்புவார். உறுப்பினர்கள் தாங்களே மாட்டிக்கொள்ள வாங்கியது என்பதற்குத் தீர்மான நகலை எடுத்து வையுங்கள்.

மற்ற 29-ஐயும் சோதித்துவிடுங்கள். மிதக்கவைக்கும் விசை 100 நியூட்டன் என்று போட்டிருந்தால் 10 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தொட்டியில் விட்டாலும் மிதக்க வேண்டும். உடனே தூக்கிவிடாமல் ஒரு இரவு விட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் என்றால் காலையில் தொட்டியின் அடியில் கிடக்கும். வீடியோவும் எடுங்கள், ஆணையத்தில் உதவும்.

கேள்வி: "கேட்டகிரி 5 ஹரிகேன் கயிறு" என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (காவேரிப்பாக்கம் வாசகர்)

பதில்: கேட்டகிரி 5 என்பது அட்லாண்டிக் பக்கத்துப் புயல்களுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் அளவு. மணிக்கு 252 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்று. அது காற்றுக்கு வைத்த பெயர். கயிற்றை விற்பவர் அறுபடும் பளு எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். அதைக் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

படகைத் தண்ணீரில்தான் விடவேண்டும் என்றால் நைலான் வாங்குங்கள். இழுபடும்போது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அந்த நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் மொடமொடவென்று ஆகிவிடும். முடிச்சு போட்ட இடத்தில் எந்தக் கயிறுக்கும் பலம் பாதிவரை குறையலாம், அதனால் இரட்டையாகக் கட்டுங்கள். கல்லில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். அது உங்கள் தெருவில் பங்ச்சர் கடையில் சும்மா கிடைக்கும்.

கேள்வி: போன டிசம்பரில் ஏரி நிரம்பிக் கோடி போனபோது என் படகு மூழ்கியது. "தளர்த்திக் கட்டுங்க, இல்லன்னா கரையேத்துங்க" என்று சங்கத்தில் வாட்ஸ்அப் போட்டார்களாம். நான் பார்க்கவில்லை. ஒரு முழக் கயிற்றில்தான் கட்டியிருந்தேன். சங்கத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். அவர்கள் சிரிப்பார்கள்.

தண்ணீர் இரண்டு அடி ஏறினால் ஒரு முழக் கயிறு படகின் மூக்கைப் பிடித்து அமுக்கும். கன்றுக்குட்டியைக் கட்டும்போதுகூட கயிற்றை நீளமாக விடுகிறோம். செய்தி வந்தது, படிக்கவில்லை, ஆனால் அதே குழுவில் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருப்பீர்கள்.

கேள்வி: படகு மோட்டாரை ஆவணியில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பத்து நாளில் தருவதாகச் சொன்னார். ஐப்பசி வரை இழுத்தடித்தார். மழையில் அவர் ஷெட்டில் தண்ணீர் புகுந்து மோட்டார் மூழ்கிவிட்டது. "இயற்கைச் சீற்றம், நான் என்ன பண்றது" என்கிறார். 6,000 முன்பணமும் போச்சு. (ஆற்காடு வாசகர்)

பதில்: மழை இயற்கை. இரண்டு மாதம் இழுத்தடித்தது இயற்கை இல்லை. சொன்ன தேதியில் கொடுத்திருந்தால் மோட்டார் உங்கள் வீட்டுப் பரணில் இருந்திருக்கும். இதைச் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம், கேளுங்கள். வேலைச்சீட்டு, முன்பணம் அனுப்பிய ஜிபே ரசீது, "நாளைக்கு சார்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். பாதி பேர் அதிலேயே வழிக்கு வருவார்கள்.

அதுவரை அவரை அதை ஸ்டார்ட் செய்து பார்க்க விடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் உள்ளே கம்பி வளையும், அப்புறம் பழி யார்மேல் என்று தெரியாமல் போய்விடும். காருக்கும் இதே கதைதான். முங்கிய காரைச் சாவி திருகிப் பார்த்துக் கெடுத்த இன்ஜினுக்கு, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாவிட்டால் சாதாரண பாலிசியில் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: புயலன்று மெழுகுவத்தியை அச்சடித்த விலைக்கு மேல் விற்கிறார்கள். ஜெனரேட்டர் வாடகையும் இரண்டு மடங்கு. இரண்டையும் புகார் செய்யலாமா? (குடியாத்தம்)

பதில்: மெழுகுவத்திக்குச் செய்யலாம், பாக்கெட்டின் விலையையும் பில்லையும் படம் எடுங்கள். வாடகைக்கு அச்சடித்த விலை கிடையாது, புரட்டாசியிலேயே பேசி எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கேள்வி: 2021-ல் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வீட்டுக்கு ஒரு காற்றடிக்கும் ரப்பர் படகு வாங்கி வைக்கலாமா? (சத்துவாச்சாரி இல்லத்தரசி)

பதில்: வேண்டாம் அம்மா. ஓடுகிற வெள்ளத்தில் அது முதல் முள்வேலியோடு சரி. தண்ணீர் ஏறுகிறது என்றால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் செய்துவிட்டு, சொன்ன நேரத்தில் மேட்டுக்குப் போய்விடுங்கள். படகுக்கு வைத்த பணத்தில் பத்திரங்களைப் போட ஒரு நல்ல வாட்டர்ப்ரூஃப் பையும், ஒரு அரிக்கேன் விளக்கும் வாங்குங்கள். திரி ஏற்றி இறக்கும் சக்கரத்தைக் கடையிலேயே திருகிப் பாருங்கள். நான் போன வருடம் வாங்கினதில் அது வெறும் அலங்காரம்.