பழைய மேனேஜர் என்ன சொல்வாரோ?

சென்னையில் பதினேழு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேனேஜரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டவர்கள், அடுத்த வேலைக்கு ரெஃபரன்ஸ் கேட்கும்போது தடுமாறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். சந்தேகங்களை அனுப்புங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மேடம், மூன்று வருடம் டெஸ்டிங்கில் இருந்தேன். மேனேஜர் டீம் முன்னால் வைத்தே கத்துவார். பேப்பர் போட்டு, நோட்டீஸ் பீரியட் முழுக்க இருந்துவிட்டுத்தான் வந்தேன். புதுக் கம்பெனியின் படிவத்தில் "ரிப்போர்ட்டிங் மேனேஜர் பெயர், போன் நம்பர்" என்று ஒரு கட்டம். அவர் நம்பரைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. (சோழிங்கநல்லூர்)

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வெரிஃபிகேஷன் வேறு, ரெஃபரன்ஸ் வேறு. வெரிஃபிகேஷன் என்பது பெரும்பாலும் பழைய கம்பெனியின் எச்.ஆருக்குப் போகும் ஒரு மெயில்தான். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எம்ப்ளாயி நம்பர் கேட்பார்கள். சில இடங்களில் "மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா" என்றும் ஒரு வரி இருக்கும். பல எச்.ஆர்.கள் ரெக்கார்டைப் பார்த்தே பதில் போட்டுவிடுவார்கள், மேனேஜரிடம் போவதில்லை. நோட்டீஸ் முடித்து, முறைப்படி விலகியதற்கான ரிலீவிங் லெட்டர் வாங்கிய உங்களுக்கு இதில் பயமில்லை.

ரெஃபரன்ஸ் என்பது ஆளோடு பேசுவது. யாரோடு பேசலாம் என்பதில் உங்களுக்கும் சொல்ல இடமிருக்கிறது. கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், வேறு யாரையாவது மேனேஜர் என்றும் எழுதாதீர்கள். அவர் பெயரைச் சரியாக எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் ரெக்ரூட்டருக்குப் போன் செய்து, "அவருக்கும் எனக்கும் வேலை செய்யும் விதம் ஒத்துப்போகவில்லை. என் வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். டீம் லீட், மேனேஜருக்கு மேலே இருந்தவர், கிளையண்ட் பக்கத்து ஆள், யாராக இருந்தாலும் சரி. ஆனால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் குறை சொன்னால், எதிரே இருக்கும் எனக்கு யார் பக்கம் நியாயம் என்று தெரியப் போவதில்லை, குறை மட்டும்தான் மனதில் நிற்கும். திட்டு வாங்கியவரே வாயையும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது அநியாயம்தான், எனக்கும் தெரியும்.

நண்பனையே மேனேஜர் மாதிரி பேசச் சொல்லலாமா? (மதுரை)

வேண்டாம். ஒரு முறை அப்படி ஒருவரிடம் பேசினேன். "நல்ல பையன், கடின உழைப்பாளி" என்று சரளமாகச் சொன்னார். "டீமில் எத்தனை பேர், இவர் எந்த ஷிப்ட்?" என்றதும் பேச்சே வரவில்லை. பின்னாலிருந்து யாரோ "ஜெனரல், ஜெனரல்" என்று எடுத்துக் கொடுத்தது எனக்கே கேட்டது. வேலையில் கெட்டிக்காரப் பையன் அவன், அந்த ஒரு போனால் ஆஃபர் போய்விட்டது.

மேனேஜர் பேசிய பேச்சில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ரிலீவிங் லெட்டர் இல்லை, பி.எஃப். கணக்கில் விலகிய தேதியும் போடவில்லை. (ஓசூர்)

தேதியை நீங்களே போடலாம். கடைசியாகப் பி.எஃப். பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, பி.எஃப். இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு) நம்பரில் உள்ளே போனால், விலகிய தேதியைக் குறிக்க "மார்க் எக்ஸிட்" இருக்கும். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான்.

லெட்டருக்கு மேனேஜரை விட்டுவிட்டு எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். "நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கை முடித்து லெட்டர் கொடுங்கள்" என்று கேளுங்கள். போனில் கேட்டால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. அதுவரை அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். புது இடத்தில் கேட்கும் முன்பே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பி.எஃப். ரெக்கார்டில் எப்படியும் தெரியும் என்பதால் அந்த வேலையை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

நான் மெர்ச்சண்டைசர், துணி ஆர்டர்களைக் கவனித்து அனுப்பும் வேலை. இங்கே முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். "எங்கே போனாலும் ஒரு போன் போடுவேன்" என்று என் முதலாளி சொல்லித்தான் அனுப்பினார். (திருப்பூர்)

இங்கே நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஒரே தொழில் செய்யும் ஊரில் அந்தப் போன் நிஜமாகவே வரும். அதனால் அது வருவதற்கு முன் உங்கள் பேச்சு அங்கே போய்ச் சேர வேண்டும். துணி வாங்குபவர்களுக்காக வேலை பார்க்கும் பையிங் ஆபீஸில் உங்களோடு ஆர்டர் பார்த்தவர், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த கியூ.சி. (தரம் பார்ப்பவர்), டையிங் யூனிட்டில் தினமும் பேசியவர், இவர்கள் உங்கள் முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. எந்த ஆர்டரைத் தேதி தவறாமல் கப்பல் ஏற்றினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இன்டர்வியூவிலேயே, "பழைய இடத்தில் மனக்கசப்போடுதான் பிரிந்தேன், கேட்டால் அவர் நல்லபடி சொல்ல மாட்டார். என் ஷிப்மென்ட்டுகளைப் பற்றி இவர்களிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முன்பே கேட்டுவிட்ட சங்கதி என்றால் போனுக்குப் பாதி பலம்தான்.

மேனேஜர் தப்பாக நடந்துகொண்டார், அதனால்தான் விட்டேன். இன்டர்வியூவில் அதைச் சொல்ல வேண்டுமா? ஊர் பெயர் வேண்டாம்.

வேண்டாம் அம்மா. அதை யாருக்கும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "சொந்தக் காரணம், இப்போது சரியாகிவிட்டது" என்றால் அது பொய்யும் ஆகாது. ரெஃபரன்ஸுக்கு எச்.ஆரையும் கூட வேலை பார்த்த ஒருவரையும் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. வேலையை விட்டுவிட்டதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. வேலை இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் உள் குழுவுக்கு எழுதிக் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவான இடமென்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உங்கள் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நாள் கணக்கை மட்டும் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.