உழைப்பு அடிமையை விடுவிக்கும் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் சொன்னது கொடுமையாக இல்லையா?

அவர் அப்படி மொட்டையாகச் சொல்லவில்லை. 1807-இல் வந்த 'ஆவியின் தோற்றவியல்' (இங்கே ஆவி என்றால் பேயல்ல, மனம்) நூலில் ஓர் ஆண்டானும் அடிமையும் வருகிறார்கள். உதாரணத்துக்கு, ஆண்டான் சாப்பிடுகிறான். தட்டு காலி, அதோடு சரி. அடிமையோ தன் ஆசையை அடக்கிக்கொண்டு மரத்தைச் செதுக்குகிறான். நாற்காலி ஒன்று எழுந்து நிற்கிறது. தன் கைவேலை தனக்கு வெளியே நிலைத்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் 'இதில் நான் இருக்கிறேன்' என்ற எண்ணம் அவனுக்குள் முளைக்கிறது. ஆண்டானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் பிழைப்பே அடிமையின் கையில். ஆனால் சங்கிலி இன்னும் அறுபடவில்லை, மனம்தான் விழித்திருக்கிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம் 1844-இல் மார்க்ஸ் கைவைத்தது அந்த நாற்காலியில். அது முதலாளிக்குப் போய்விட்டால், செய்தவனுக்கே அந்நியமாகிவிடுகிறது என்றார்.