பீற்றல் எங்கே தொடங்குகிறது? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, பதவி உயர்வு கிடைத்ததை நண்பர்களிடம் சொன்னேன். வாழ்த்தினார்கள், ஆனால் குரலில் சுரத்தே இல்லை. பொறாமையா?

பதில்: அதற்குள் பொறாமை என்று முடிவு கட்டாதீர்கள். தப்பு பெரும்பாலும் சொல்பவரின் கணக்கில். ஸ்கோபெல்லிட்டி, லோவென்ஸ்டைன், வோஸ்கெராவ் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: கேட்பவர் அடையும் மகிழ்ச்சியை நாம் கூட்டிப் போடுகிறோம், எரிச்சலைக் குறைத்துப் போடுகிறோம். சேதியை ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். அவர்களாகக் கேட்டால் விவரம்.

கேள்வி: "நான் நன்றாக எழுதுவேன்" என்பதே தற்பெருமையா?

பதில்: இல்லை. "மற்றவர்களைவிட" என்று சேர்க்கும்போதுதான் குத்துகிறது. எதிரில் இருப்பவர், 'அப்போ என்னையும் மட்டமாகத்தான் நினைக்கிறான்' என்று எடுத்துக்கொள்வார்.

கேள்வி: நேரடியாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "மூணு கம்பெனி கூப்பிடுது, ஒரே தலைவலி" என்று அலுத்துக்கொள்வதுபோல் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், பீற்றலிலேயே மட்டமான ரகம் இது. ஓவுல் செசரும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசுபவரைவிட வெளிப்படையாகப் பீற்றுபவரே தேவலை என்று ஆனது. வெறுமனே புலம்புபவருக்குக்கூட இவரைவிட நல்ல மதிப்பு. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பது கேட்பவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். "மூணு இடத்துல வேலை கிடைச்சிருக்கு, சந்தோஷம்" என்பது ஒரு பேச்சு. குழப்பம் நிஜம் என்றால், "சம்பளம் கூட வர்றதா, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறதா, நீங்க எதை எடுப்பீங்க?" என்று யோசனை கேளுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் அடக்கி வாசித்தால் வேலை போய்விடுமே?

பதில்: அங்கே அடக்கம் தேவையில்லை. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொன்ன நன்னூலே நான்கு இடங்களில் விலக்குத் தருகிறது: அரசவைக்கு ஓலை விடும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. விண்ணப்பமும் நேர்முகமும் முதல் இரண்டிலேயே அடங்கிவிடும். (நன்னூலை எழுதிய பவணந்தியார் இன்றைய ஆள் தேர்வைப் பார்த்திருந்தால் ஐந்தாவது சேர்த்திருப்பாரோ என்னவோ.)

'சிறந்த', 'அபாரமான' போன்ற அடைமொழிகளை வெட்டிவிட்டு எண்ணை வையுங்கள். உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். "எல்லாம் நான்தான்" என்பதற்குப் பதில், "குழுவில் ஐந்து பேர், சோதனைப் பகுதி என் பொறுப்பு, மாதம் 40 பிழை வந்தது 12 ஆனது." இதில் குறுக்குக் கேள்வி கேட்டாலும் நிற்கலாம்.

கேள்வி: எந்தப் பேச்சையும் தன் சுயபுராணமாக மாற்றுபவரை எப்படி நிறுத்துவது?

பதில்: "அப்படியா!" என்று வாய்பிளந்தால் தீனி போட்டதாகிவிடும். பதிலுக்கு நீங்களும் அளந்தால் ஏலம்தான். "நல்ல விஷயம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பேச்சு அறுபட்டவரின் பக்கம் திரும்புங்கள்: "நீங்க ஏதோ சொல்லிட்டிருந்தீங்களே?"

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டால்?

பதில்: வெளியாட்களிடம் சரி. நெருங்கியவர்களுக்கு அது வேறு வழியில் தெரியவந்தால், 'நமக்குத் தாங்காது என்று மறைத்திருக்கிறான்' என்றுதான் படும். பீற்றியதைவிட அது அதிகம் வலிக்கும். அன்றைக்கே, உங்கள் வாயாலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.