ஜங்க், பிளாக், அன்சப்ஸ்கிரைப்: எந்தப் பட்டன் எதற்கு?

கணினி கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் மெயிலுக்கு தண்டர்பேர்ட் மென்பொருள் வைத்திருக்கிறோம். வேண்டாத மெயிலில் 'ஜங்க்' அழுத்தினால் தீச்சுடர் அடையாளம் விழுகிறது, மெயில் மட்டும் இன்பாக்ஸை விட்டு நகர மாட்டேன் என்கிறது. தானாகப் பிடிபடுபவை ஜங்க் ஃபோல்டருக்குச் சரியாகப் போய்விடுகின்றன. என்ன கோளாறு?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோளாறு இல்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு செட்டிங் இரண்டு இடத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒன்றில் மட்டும் டிக் வைத்திருக்கிறீர்கள்.

'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'ஜங்க் செட்டிங்ஸ்' பகுதியில் இருக்கும் 'மூவ் நியூ ஜங்க் மெசேஜஸ் டு' என்பது, தண்டர்பேர்ட் தானாகச் சந்தேகப்படும் மெயிலுக்கு மட்டும். நீங்கள் கையால் குறிக்கும் மெயிலுக்கான செட்டிங் வேறு: பொது 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'ஜங்க்' தலைப்பைப் பாருங்கள். 'வென் ஐ மார்க் மெசேஜஸ் ஆஸ் ஜங்க்' என்பதில் டிக் வைத்து, ஜங்க் ஃபோல்டருக்கு நகர்த்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'டெலிட்' வேண்டாம். கட்சிக்காரரின் நோட்டீஸ் தவறிப் போனால் ஜங்கில் தேடி எடுப்பது சுலபம்.

இந்த வாசகங்களை எழுதியவர் பயன்படுத்துபவரை நினைத்து எழுதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'நான் ஜங்க் என்று குறித்ததை எங்கே போட?', 'தண்டர்பேர்ட் ஜங்க் என்று நினைப்பதை எங்கே போட?' என்று இரண்டு வரியையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

இன்னொன்று. தண்டர்பேர்ட் உங்கள் குறிகளைப் பார்த்துத்தான் பழகுகிறது. வேண்டாததை வெறுமனே டெலிட் செய்தால் அது ஒன்றும் கற்றுக்கொள்ளாது. ஜங்க் என்று குறித்தபிறகு அழியுங்கள். நல்ல மெயிலையும் காட்ட வேண்டும்: தவறாக ஜங்குக்குப் போனதை 'நாட் ஜங்க்' கொடுத்துத் திருப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டுமே காட்டினால் நல்லதையும் சேர்த்துப் பிடிக்கும். பழகியது அந்தக் கணினியில்தான் இருக்கும்; அடுத்த மேஜைக் கணினிக்கு எதுவும் தெரியாது. ரொம்பவே குழம்பிவிட்டால் அதே 'ஜங்க்' தலைப்பின் கீழ் 'ரீசெட் டிரெயினிங் டேட்டா' இருக்கிறது, புதிதாகத் தொடங்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. தண்டர்பேர்டில் 'ஜே' விசையை மட்டும் தட்டினாலே ஜங்க் குறி விழும், ஷிஃப்ட் சேர்த்துத் தட்டினால் நாட் ஜங்க். பதில் எழுதுவதாக நினைத்துப் பட்டியல் திறந்திருக்கும்போதே தட்டச்சு செய்பவர்கள் இதனால்தான் 'மெயில் காணாமல் போய்விட்டது' என்கிறார்கள். அடுத்தது, முகவரிப் புத்தகத்தில் இருப்பவரின் மெயிலை ஜங்க் என்று குறிக்காதே என்கிற செட்டிங். நாம் பதில் அனுப்பும் முகவரிகள் 'கலெக்டட் அட்ரஸஸ்' பட்டியலில் தாமாகவே சேரும். 'இனி அனுப்பாதீர்கள்' என்று ஒரு ஸ்பேம்காரருக்கு (கேட்காமலே குப்பை மெயில் அனுப்புபவர்) பதில் போட்டிருந்தால் அவரும் அதில் இருப்பார். அந்தப் பட்டியலுக்கும் டிக் வைத்திருந்தால் அவர் மெயில் என்றைக்கும் ஜங்க் ஆகாது. டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜிமெயிலில் டெலிட், பிளாக், அன்சப்ஸ்கிரைப், ரிப்போர்ட் ஸ்பேம் என்று நான்கு இருக்கின்றன. துணிக்கடை விளம்பரத்துக்கு எதை அழுத்த?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பில் போடும்போது நீங்களே மெயில் முகவரி கொடுத்த கடை என்றால் அன்சப்ஸ்கிரைப். அனுப்பியவர் பெயருக்கு அருகில் ஜிமெயில் காட்டும் அன்சப்ஸ்கிரைப்பை அழுத்துங்கள். முகம் தெரியாதவர் அனுப்பியது என்றால் மெயிலுக்கு உள்ளே இருக்கும் அன்சப்ஸ்கிரைப் சுட்டியைத் தொடாதீர்கள்; இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொன்னதாகிவிடும். அதற்கு ரிப்போர்ட் ஸ்பேம்தான்.

பிளாக் என்றால் மெயில் திரும்பிப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த ஒரு முகவரியிலிருந்து வருவது ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும், அவ்வளவுதான். முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் ஸ்பேம்காரரிடம் இது பலிக்காது; தொல்லை கொடுக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு உதவும். வங்கி பெயரில் வந்து ஓடிபி, பாஸ்வேர்ட் கேட்டால் மூன்று புள்ளி மெனுவில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' (ஏமாற்று மெயில் என்று புகார்) கொடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் மெயிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: ஒயிட் டவுனில் விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். எங்கள் வெப்சைட் படிவத்தில் நிரப்பும் ரூம் விசாரணைகள் ஜிமெயிலின் ஸ்பேமுக்குப் போகின்றன. அலுவலகக் கணினியில் பாப் (மெயிலைக் கணினிக்கு இறக்கும் முறை) வழியாக மெயில் எடுப்பதால் எங்களுக்குத் தெரிவதே இல்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஸ்பேமில் இருப்பதைப் பாப் இறக்காது; அந்த ஃபோல்டர் கண்ணிலேயே படாது. 30 நாள் ஆனதும் ஜிமெயில் அங்கே இருப்பதை அழித்துவிடும். ஐமேப்புக்கு (சர்வரில் உள்ள ஃபோல்டர்களை அப்படியே கணினியில் காட்டும் முறை) மாறினால் ஸ்பேம் ஃபோல்டரும் கணினியில் தெரியும். ஜிமெயில் ஐமேப்பில் ஒரு மெயிலை அந்த ஃபோல்டருக்கு நகர்த்துவதே ஸ்பேம் என்று சொன்னதாக ஆகும், வெளியே எடுத்து இன்பாக்ஸில் போட்டால் இல்லை என்று சொன்னதாகும்.

படிவ மெயில் எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வருவதால் ஃபில்டர் (இந்த மெயிலை இப்படிக் கையாள் என்கிற விதி) போடுவது எளிது. மொபைல் ஆப்பில் முடியாது. கணினி பிரவுசரில் ஜிமெயில் திறங்கள். தேடல் பெட்டியின் வலது ஓரச் சின்னத்தை அழுத்தி, 'ஃபிரம்' கட்டத்தில் அந்த முகவரியைப் போட்டு, 'கிரியேட் ஃபில்டர்', பிறகு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்'. ஏற்கெனவே ஸ்பேமில் கிடப்பவற்றை நீங்கள்தான் 'நாட் ஸ்பேம்' கொடுத்து மீட்க வேண்டும்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு ஜிமெயிலிலிருந்து பிசிசி (பெறுபவர்களுக்கு மற்றவர் முகவரி தெரியாத கட்டம்) போட்டு ஆஃபர் அனுப்புகிறோம். பலருக்கு ஸ்பேமில் விழுகிறதாம்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவே முடியாது, கடை விளம்பரத்துக்கு அது ஏற்ற வழியும் இல்லை. சொந்த டொமைனும் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) மொத்த மெயில் சேவையும் எடுத்து, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு இவை மூன்றும் கட்டாயம்; விளம்பர மெயிலில் ஒரே கிளிக் அன்சப்ஸ்கிரைப்பும் அதே ஆண்டு ஜூன் முதல் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நீங்கள் அவ்வளவு அனுப்பாவிட்டாலும் இதே பாதையில் போவது நல்லது.

அன்சப்ஸ்கிரைப்பைச் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், அடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் நம் கடைகளில் நிறைய. தேடிக் கிடைக்காதவர் கைக்குக் கிடைத்த ரிப்போர்ட் ஸ்பேமை அழுத்துவார். அந்த அடி உங்கள் டொமைன் மேல் விழும். 'இனி இந்த மெயில் வேண்டாம்' என்று தமிழிலேயே, மற்ற எழுத்தின் அளவிலேயே போடுங்கள். கேட்டவரின் பெயரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.